ஸ்லோ நிற்க வேண்டும், வண்டி நிற்கக் கூடாது

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஸ்பேனர் பிடித்த கை பேனாவையும் நெம்புகிறது. அதனால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அச்சுக்குக் கொடுக்கிறவர் நிமிர்த்தி வைத்துக்கொள்ளட்டும்.

போன மெக்கானிக் சங்கக் கூட்டத்தில் என்னை மேடையேற்றி, "புதுசா தொழிலுக்கு வந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்றீர்கள். நான் மைக்கைப் பார்த்து வணக்கம் என்றேன். பிறகு இறங்கிவிட்டேன். சால்வை போட்டீர்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு சால்வை என்பது அதிகம். மீதி மூன்று வார்த்தைக்காக இதை எழுதுகிறேன்.

இப்போது வருகிற வண்டிகளில் கோளாறை மிஷினே சொல்லிவிடுகிறது. வண்டிக்காரர்கள் மட்டும் மாறவில்லை. அவர்கள் சொல்வது ஒன்று, நமக்குக் கேட்பது ஒன்று. கார்ப்பரேட்டர் காலத்தில் இது எங்களுக்குப் பெரிய தொல்லை. அதிலும் ஸ்லோ.

ஸ்லோ என்றால் உங்களுக்குத் தெரியும். வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஆக்சிலேட்டரைத் திருகாமல் விட்டாலும் என்ஜின் அணையாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதற்குப் பெயர் ஸ்லோ. அது சரியாக இருந்தால் "ஸ்லோ நிக்குது" என்போம். ஸ்லோ நின்றால் வண்டி நிற்காது. ஸ்லோ நிற்காவிட்டால் வண்டி நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் தொழில் செய்தோம்.

எண்பதுகளின் நடுவில் அரூரில் திருவண்ணாமலை ரோட்டோரம் எனக்கு ஒரு தகர ஷெட் இருந்தது. அங்கே வருகிறவர்களில் சூசை என்று ஒருவர். என்னைவிட பத்து வயது மூத்தவர். சேலத்து ஜவ்வரிசி மில்லுக்காக மரவள்ளிக் காடு பார்க்கிற வேலை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து, அந்தக் காடு முழுக்க என்ன விளையும் என்று சொல்லிவிடுவார். அவரிடம் பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் இருந்தது. கனமான வண்டி. கிக்கர் வலது பக்கம்.

சூசைக்கு வலது முட்டி மடங்காது. இளவயதில் கிணறு வெட்டும்போது கல் விழுந்தது. ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. கிக்கரை மட்டும் உதைக்க முடியாது. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பக்கத்தில் நின்று இடது காலால் உதைத்தும் பார்த்தார். மடங்காத காலில் உடம்பைத் தாங்க முடியாமல் அவரும் வண்டியும் சேர்ந்து விழுந்தார்கள். இரண்டு பேருக்கும் அடி. வண்டிக்குக் கொஞ்சம் அதிகம்.

ஆகவே அவர் வண்டியை அணைப்பதே இல்லை. காலையில் பக்கத்து வீட்டுக்காரர் உதைத்துவிடுவார். அதன்பிறகு காடு காடாகப் போகும்போதெல்லாம் வண்டி வரப்போரம் ஸ்லோவில் ஓடிக்கொண்டே இருக்கும். அணைந்துபோனால் மேட்டிலிருந்து உருட்டிவிட்டு கியர் போடுவார். மேடு இல்லாத இடத்தில் ஆள் வருகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பார். சுற்று வட்டாரத்தில் அவர் வண்டியை உதைக்காத ஆம்பிளை கிடையாது. "சூசை வந்தா ஊரே ஒத்தக் கால்ல நிக்குது" என்று கேலி பேசுவார்கள்.

ஒரு சந்தை நாளில், ஷெட் முழுக்க வண்டி இருக்கும்போது வந்தார். "ஸ்லோல நிக்குது தம்பி. பெட்ரோலும் குடிக்குது. பாத்து வை" என்று சொல்லிவிட்டு சந்தைக்குள் போய்விட்டார்.

ஸ்லோ நிற்கிறது, நல்லது. பெட்ரோல்தான் குறை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பெட்ரோலைக் குறைத்தேன், நன்றாக நிற்கிற ஸ்லோவையும் கொஞ்சம் இறக்கினேன். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணம். அவர் வந்து எடுத்துப் போனார்.

சாயங்காலம் ஒரு மாட்டு வண்டியின் பின்னால் கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். வழியில் மொட்டைக் காட்டில் அணைந்துபோய், உதைக்க ஆள் இல்லாமல் மத்தியான வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஏன் தம்பி, நிக்குதுன்னு நான் சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்கண்ணே. அதான் நல்லா நிக்குதேன்னு கொஞ்சம் கொறச்சு வெச்சேன்."

"நிக்கறது நல்லதா?"

"நிக்கலன்னாதானுங்க தப்பு."

"நிக்கலன்னா நான் எதுக்குடா உன்கிட்ட வரேன்?"

எதிர் டீக்கடைக்காரர் மத்தியஸ்தத்துக்கு வந்தார். "சூசண்ணே, கோவப்படாதீங்க. வண்டி நிக்குதா, ஓடுதா? அத மட்டும் சொல்லுங்க."

"ஓடறப்ப ஓடுது. நின்னா நிக்குது."

"அப்ப நிக்குதுங்கறீங்க."

"அதத்தானய்யா காலையிலேர்ந்து சொல்றேன்!"

டீக்கடைக்காரர் என்னிடம் திரும்பி, "நிக்குதாம்ப்பா, அப்புறம் என்ன?" என்றார். மாட்டு வண்டிக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

நான் உதைத்துவிட்டு, அவரை வண்டியில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை விட்டுக் காட்டச் சொன்னபிறகுதான் விளங்கியது. ஸ்லோவுக்கு வந்ததும் வண்டி நின்றுபோகிறது என்பதைத்தான் அவர் காலையில் சொல்லியிருக்கிறார். தம்பிகளே, வண்டிக்காரர் சொல்வதைக் காதால் கேட்டால் போதாது. அவர் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அது.

பிறகு கழற்றி, ஊதி, சுத்தம் செய்து மாட்டினேன். ஸ்லோ நின்றது. சூசை போகும்போது, "ஞாயித்துக்கெழம என்கூட ஒரு எடத்துக்கு வா" என்றார்.

"எங்கண்ணே?"

"பொண்ணு பாக்க."

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. நான் பெண் பார்க்கப் போனதும் இல்லை. எதற்கு நான் என்று கேட்டேன். "வண்டி நின்னுபோச்சுன்னா?" என்றார். அப்படி நான் போனேன்.

பெண் பெயர் ஆரோக்கியமேரி. மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் வேலையை விடச் சொன்னார்கள், அவர் விடமாட்டேன் என்றார், அதனால் தள்ளிக்கொண்டே போனது. சூசை வேலைக்குப் போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கால் விஷயத்தையும் தரகர் சொல்லியிருந்தார், அது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரே ஒரு சிக்கல். சூசையின் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காலையில் பஸ் கிடையாது. தினமும் அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விடவேண்டும். வண்டி ஒழுங்காக ஓடினால் கல்யாணம். இல்லாவிட்டால் இல்லை.

"கிக்கர் விஷயம் சொன்னீங்களாண்ணே?" என்று வழியில் கேட்டேன்.

"காலப் பத்தி சொல்லியாச்சு. கிக்கரப் பத்தி அவங்க கேக்கல."

அவருடைய திட்டம் எளிமையானது. வண்டியை அணைக்காமல் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவது. பேசி முடித்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஏறி வருவது. நான் பக்கத்திலிருந்து ஸ்லோவைப் பார்த்துக்கொள்வது.

பெண் வீடு பள்ளத்தில் இருந்தது, அணைந்தால் உருட்டிவிட வழியில்லை. பஸ்ஸில் முன்னால் வந்த சூசையின் அம்மா உள்ளே இருந்தார். சூசை வண்டியை வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போனார். பெண்ணின் தாய்மாமன் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"மாப்ள, வண்டி ஓடிட்டே இருக்குதே. நிறுத்த மறந்துட்டீங்களா?"

உள்ளேயிருந்து சூசை, "இருக்கட்டுங்க மாமா. அதுக்குப் பழகிருச்சு" என்றார்.

எனக்கு ஒரு நாற்காலி போட்டு, தட்டில் பஜ்ஜி கொடுத்தார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு பஜ்ஜியைத் தொடாமல் என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு வெயிலில் நின்று சூடேறியதும் சத்தம் தானாகவே ஏற ஆரம்பித்தது. ஏறியது, இறங்கியது, அணையப்போவதுபோல் ஒரு மூச்சு விட்டது, மறுபடி ஏறியது. எங்கேயோ காற்று இழுக்கிறது என்று புரிந்தது. ஆனால் கழற்ற முடியாது. கழற்றினால் அணைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஸ்லோ ஸ்க்ரூவை ஏறும்போது இறக்கியும் இறங்கும்போது ஏற்றியும் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே பேச்சுக்கு நடுவில் சூசையின் குரல் வந்தது. "தம்பி, நிக்குதா?"

"நிக்குதுங்கண்ணே! நல்லா நிக்குதுங்க!" என்று கத்தினேன்.

உள்ளே ஒரு அம்மாள், "நல்ல காரியம் பேசற எடத்துல என்ன பேச்சு இது, நிக்குது நிக்குதுன்னு" என்றார். பெண்ணுடைய அத்தை என்று பிறகு தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் தாய்மாமன் எனக்குக் காப்பி கொண்டுவந்தார். நான் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினேன். நான் வண்டியோடு படுகிற பாட்டைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. "நீயாவது நிம்மதியா காப்பி குடிப்பா" என்று சொல்லிச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

வீட்டுக்குள் பேச்சும் அதோடு நின்றது.

புறப்படும்போது வாசலுக்கு எல்லோரும் வந்தார்கள். சூசை வண்டியில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிக்கரை உதைத்தேன். சூடான வண்டி, உடனே பிடித்துக்கொண்டது. சூசை நல்லபடியாக ஒரு கும்பிடு போட்டார். ஒருவழியாகத் தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

கதவோரம் நின்றிருந்த டீச்சர், "தெனமும் இவரும் கூட வருவாருங்களா?" என்று கேட்டார்.

அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்தார். டீச்சர் நகரவில்லை. சூசை தன் முட்டியைப் பார்த்தார். பிறகு, "உதைக்க மட்டும் முடியாதுங்க. ஓட்டறதுல ஒண்ணும் பயமில்ல" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்க மெக்கானிக்குங்களா?"

என் நகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆமாம் என்றேன்.

"வழியில இது நிக்காதுன்னு உங்களால சொல்ல முடியுங்களா?"

நான் பெண்களிடம் அதிகம் பேசியதில்லை. எதிரே பத்துப் பதினைந்து பேர். சூசை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நிக்காதுங்க என்று ஒரு வார்த்தை. அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் அந்த ரோடு எனக்குத் தெரியும். காலையில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது.

"நிக்குங்க" என்றேன். "எந்த வண்டியும் ஒரு நாள் நிக்குங்க. நான் பாத்த வண்டின்னாலும் நிக்கும்."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வந்து ஷெட்டில் என்னை இறக்கிவிட்டபோது சூசை, "ஒரே ஒரு வார்த்த தம்பி" என்றார்.

"நின்னா யாருண்ணே உதைப்பாங்க? அந்தம்மாவும்தான ரோட்டுல உக்காந்திருக்கணும்?"

"உன்ன எதுக்குடா கூட்டிட்டுப் போனேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் ஷெட் பக்கமே வரவில்லை. வாடிக்கை போய்விட்டது என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் வண்டியை நாலு பேரை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். பெண் வீட்டிலிருந்து தகவல் வந்திருந்தது. வண்டியை ஷெட்டில் விட்டுவைக்க வேண்டும். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டீச்சரும் அவர் அப்பாவும் வருவார்கள். அதுவரை யாரும் உதைக்கக் கூடாது.

"எதுக்குண்ணே?"

"அந்தப் புள்ளயே உதைச்சுப் பாக்குதாம். அதால முடிஞ்சா சரின்னுடுமாம். முடியலன்னா இல்லியாம்."

வெளிச்சம் இருக்கும்போதே கார்ப்பரேட்டரை இறக்கினேன். கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கிற பேக்கிங் விரிசல் விட்டிருந்தது. பெண் வீட்டில் என்னைப் படுத்தியது அதுதான். அதை மாற்றினேன். பிளக், பாயிண்ட் எல்லாம் பார்த்தேன். ஸ்லோவைக் கைக்கணக்கில் வைத்தேன். உதைத்து மட்டும் பார்க்கவில்லை.

காலையில் நான் ஷெட் திறக்கும்போது சூசை வெளியே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. தூங்கினவர்போல் இல்லை.

"தம்பி, பஸ் வர நேரமிருக்குது. ஒரே ஒருக்கா உதைச்சு சூடு பண்ணி அணைச்சு வெச்சுடு. சூடா இருந்தா லேசா பிடிச்சுக்கும். யாருக்குத் தெரியப்போவுது."

உண்மைதான். ஆறிக்கிடக்கிற பழைய வண்டியை உதைப்பதற்கும் சூடான வண்டியை உதைப்பதற்கும் நிறைய வித்தியாசம். தம்பிகளே, இந்தத் தொழிலில் ஒழுங்கு வேலைக்கும் ஏமாற்று வேலைக்கும் ஒரே ஸ்க்ரூடிரைவர்தான். எதற்கு எடுக்கிறோம் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். பேக்கிங் மாற்றியது ஒழுங்கு. இதைச் செய்தால், கல்யாணமாகி முதல் வாரத்தில், பனிக்காலக் காலையில், அந்தம்மா உதைத்துக்கொண்டே நிற்பார்.

"தெனமும் காலையில நான் வந்து சூடு பண்ணிக் குடுக்க முடியாதுங்கண்ணே" என்றேன்.

அவர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் அப்பாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வண்டியிடம் வந்தார். முதலில் புறங்கையை என்ஜின்மேல் வைத்தார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்துவிட்டு, "எப்படி உதைக்கணும்?" என்றார். சூசை பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்தார். நான் பெட்ரோலைத் திறந்துவிட்டேன்.

"கால் பலத்துல அமுக்காதீங்க. கிக்கரு இறுகற எடம் வரைக்கும் மெதுவா கொண்டாந்து, அப்புறம் ஒடம்போட கனத்த அதும்மேல எறக்குங்க" என்றேன். நான் அதுவரை ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளம்.

முந்தானையைச் செருகிக்கொண்டு உதைத்தார். கிக்கர் பாதிதான் போனது. மறுபடி உதைத்தார், எதிர் உதை விட்டது. செருப்பு வார் அறுந்துவிட்டது. டீக்கடையில் கூட்டம் சேர்ந்தது.

"டீச்சரம்மா, அது சைக்கிள் இல்லீங்க!" என்றான் ஒருவன்.

"அப்ப நீங்க தெனமும் எங்க வூட்டுக்கு வந்து உதைச்சுட்டுப் போறீங்களா?" என்றார் டீச்சர், திரும்பாமல். கூட்டத்தில் சிரிப்பு. அவன் டீக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

அவருடைய அப்பா அதுவரை ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். இப்போது தன் டயர் செருப்பைக் கழற்றி மகள் முன்னால் நகர்த்தினார். "இதப் போட்டுக்க" என்றார். மறுபடி ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

செருப்பு பெரிது. அதை மாட்டிக்கொண்டு, கிக்கரை இறுகுகிற இடம் வரைக்கும் மெதுவாகக் கொண்டுவந்தார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஏறி இறங்கினார். வண்டி ஒருமுறை இருமியது. மறு உதையில் பிடித்துக்கொண்டது.

டீக்கடையில் கை தட்டினார்கள். சூசை எழுந்துவிட்டார். ஸ்லோ நின்றது. டீச்சர் அதைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

"ஐயோ, ஏனுங்க?" என்றார் சூசை.

"ஒருக்கா வந்தது யோகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி உதைத்தார். வண்டி பிடித்துக்கொண்டது. முந்தானையை அவிழ்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, சாமியார்கிட்ட ஓலை வாசிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் வேறு கோயில்காரன். ஓலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அவர்கள் பஸ் ஏறிப் போனபிறகு சூசையிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் பாதிரியார் இரண்டு பேர் பெயரையும் படிப்பாராம். யாருக்காவது தடை இருந்தால் அப்போது சொல்லலாமாம்.

"யாராவது சொல்லுவாங்களாண்ணே?"

சூசை ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் காட்டினார்.

"சொல்லணும்னா இதுதான் சொல்லணும்" என்றார்.

எழுதி முடித்தது: அரூர், மார்கழி மாதம், கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை.